செங்கல்பட்டுக்கு மூச்சைக் காட்டப் போன நாள்

போன மாசம், அறுப்பு முடிந்த வாரம், செவ்வாய்க்கிழமை, மருமகள் கலாவைச் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். ஒரு குடம் தண்ணீர் தூக்கினாலே அவளுக்கு மூச்சு இரைத்தது. எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து ஆறு கிலோமீட்டர். ஊருக்குப் பின்னால் கல் உடைக்கிற கிரஷர் வந்து மூணு வருஷம் ஆச்சு. அது ஓட ஆரம்பித்த முதல் நாளே, காயப்போட்ட என் மிளகாய் மேல் வெள்ளைத் தூள் இறங்கியதை நான் மறக்கவில்லை. கிரஷர்காரன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்தான். போகவில்லை. கோபம் ஆறிவிடக் கூடாதென்று பத்திரிகையை என் தகரப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

காலை 6.40க்கு டவுன் பஸ். பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. உத்திரமேரூரில் 7.15க்குச் செங்கல்பட்டு வண்டி. முப்பது கிலோமீட்டர், ஒரு மணி நேரம். முன்னால் ஜல்லி லாரி போனால் ரோடே தெரியாது. கலா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னா நைனா, ஜன்னல சாத்தச் சொல்லேன்" என்றேன் கண்டக்டரிடம்.

"கண்ணாடியே இல்ல ஆயா, எத்த சாத்தறது?"

ஆஸ்பத்திரியில் சீட்டு இலவசம். எட்டரைக்கு வரிசையில் நின்றோம். ஊதிப் பார்க்கிற மெஷின் முன்னால் உட்காரப் பதினொண்ணரை ஆனது. கலா மூணு தடவை ஊதினாள், மூணு தடவையும் இருமினாள். நான் டாக்டரம்மாவிடம் கிரஷர் கதையை முதலிலிருந்து சொன்னேன்.

"சமையல் எதுலம்மா?" என்றார்.

"வெறகுதான். கேஸ் கீது, ஆனா வெறகுல வெந்தாதான் சோறு."

"புகை எப்படி வெளியே போகும்?"

பெருமையாகத்தான் சொன்னேன்: "தூள் ஒரு பொட்டு உள்ள வராது. ஜன்னலு, மேல கீற பொகை ஓட்டை, எல்லாத்தையும் கோணி வெச்சி நானே அடைச்சிட்டேன்."

டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டார். "எத்தனை வருஷமா?"

"மூணு வருசம் மேடம்." கலாதான் சொன்னாள், என்னைப் பார்க்காமல்.

வெளித் தூளும் உள் புகையும் சேர்ந்து நுரையீரலைக் கெடுத்திருக்கிறதாம். கெட்டது கெட்டதுதான், இனி மேலும் கெடாமல் பார்க்கலாம் என்றார். உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார்.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டேன், "ஏன்டி என்னாண்ட சொல்லல?"

"சொன்னேன் அத்தே. பொங்கலன்னிக்கு. கண்ணு எரியுதுன்னேன். செல்லு பாத்து எரியுதுன்னீங்க."

ஞாபகம் இருந்தது. ஒரு வார்த்தை மாறாமல் இருந்தது.

போகிறவர்கள் ஆதாரும் சாப்பாடும் எடுத்துப் போங்கள். அரை நாளுக்கு மேல் ஆகும். அடுப்பு எது, புகை எங்கே போகிறது என்பதை அவர்கள் கேட்குமுன் சொல்லிவிடுங்கள்.

நாலரைக்கு வீடு. கோணிகளை நானே பிடுங்கினேன். வெளிப்பக்கம் வெள்ளை, உள்பக்கம் கரி. பிடுங்கிய ஓட்டை வழியாகத் தூள் வர ஆரம்பித்தது.

"தூக்கிப் போட்டுடட்டா அத்தே?" என்றாள் கலா, இருமிக்கொண்டே.

வேண்டாம் என்றேன். ஒன்றை மடித்து, தகரப் பெட்டியில் அந்தப் பத்திரிகை மேலேயே வைத்தேன்.