மந்திரியின் இரண்டாவது ஸ்டூல்

உட்கார்ந்த ஸ்டூலை விட்டு எழாமலே நான்கு முறை அரசாங்கத்தைக் கவிழ்த்தவர், இரண்டு போர்களை ஸ்க்ரூ டிரைவரை ஆட்டியே நிறுத்தியவர், பக்கத்து நாட்டுக்குக் கடன் கொடுக்கலாமா என்று ஒரு மத்தியானம் முழுக்க யோசித்துவிட்டு, போகட்டும் வேண்டாம் என்று விட்டவர், இப்போது ஒரு மிக்ஸியின் அடிமூடியைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். மூடியில் நாலு திருகு. மூன்றைச் சோப்பு டப்பா மூடியில் போடுவார். நாலாவதை உதட்டுக்கு நடுவில் கவ்விக்கொள்வார். திருகு வாயில் இருக்கும் வரை பேச முடியாது. அந்தச் சில நிமிஷம் நாடு நிம்மதியாக மூச்சு விடும்.

தெருவில் அவருக்கு மந்திரி என்று பெயர். கேலியாக வைத்த பெயர்தான். அவர் அதைப் பதவியாகவே எடுத்துக்கொண்டார். கடை அகலம் இரண்டு பேர் கையை விரித்தால் முடிந்துவிடும். இறக்கை கழற்றிய மின்விசிறிகள் கொக்கியில் தொங்கும். பழுதுக்கு வந்த ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சீட்டு. அதில் ஆள் பெயர் இருக்காது. 'பச்சை கேட்', 'மாடி டீச்சர்', 'சண்டைக்காரம்மா' என்று இருக்கும். சண்டைக்காரம்மா ஒருநாள் தன் சீட்டைத் தானே படித்துவிட்டார். அந்தப் பெயர் எவ்வளவு பொருத்தம் என்று அன்றைக்குத் தெருவுக்கே தெரிந்தது.

தொழிலில் மந்திரியைப் போல அடக்கமான மனிதரைப் பார்ப்பது கஷ்டம். மின்விசிறியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "கெப்பாசிட்டர் போயிருக்குமோ?" என்று கேட்டால், "திறந்து பாக்கணும்" என்பார்.

"காயில் எரிஞ்சிருக்குமா?"

"திறந்து பாக்கணும்."

"சும்மா ஒரு உத்தேசமாச் சொல்லுங்களேன்."

"உத்தேசமாச் சொல்றவன்கிட்ட கொண்டு போங்க. திறந்து பாக்காம நான் வாயைத் திறக்க மாட்டேன்."

முப்பத்தோரு வருஷமாக இதே பேச்சு. எரிந்த வாடை நாலு கடைக்கு அடிக்கும்போதுகூட, மூடியைக் கழற்றி, டெஸ்டரை வைத்து, கண்ணால் பார்த்த பிறகுதான் "காயில்" என்பார். நாட்டு விஷயம் என்றால் மட்டும் கதை வேறு. அதை அவர் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. மூடியோடு பார்த்தே எல்லாம் தெரிந்துவிடும்.

இவ்வளவு அறிவும் மேஜைமேல் விரித்திருக்கும் செய்தித்தாளிலிருந்து வருகிறது. படிப்பதற்காக வாங்கியதல்ல, மேஜையில் எண்ணெய் படாமல் இருக்க விரித்தது. பழுதுக்கு வந்த சாமான் எப்போதும் தாளின் நடுவில் உட்கார்ந்திருக்கும். ஆகவே செய்தியின் தலை தெரியும், வால் தெரியும், வயிறு மோட்டாருக்கு அடியில் போய்விடும். வயிற்றை மந்திரி சொந்தமாகச் செய்து பொருத்திக்கொள்வார். மேலே 'வரியைக் குறைக்க அரசு' என்று இருக்கும். கீழே 'என்று அவர் மறுத்தார்' என்று இருக்கும். இரண்டுக்கும் நடுவில் அவர் வைத்துத் தைப்பதைக் கேட்டால், அந்தச் செய்தியை எழுதிய நிருபர் வேறு வேலை தேடிப் போய்விடுவார்.

எண்களிலும் அவருக்குத் தயக்கம் கிடையாது. சபையில் எத்தனை உறுப்பினர் என்று திங்கட்கிழமை கேட்டால் நூற்றெண்பது. புதன்கிழமை கேட்டால் இருநூற்றுப் பன்னிரண்டு. "திங்கக்கிழமை வேற சொன்னீங்களே?" என்றால், "நடுவுல ஒரு செவ்வாய்க்கிழமை இருந்துச்சுல்ல?" என்பார். அதற்கு மேல் யார் என்ன கேட்பது.

இத்தனை பெரிய ஆட்சிக்கு ஓர் எதிர்க்கட்சி வேண்டாமா? அது அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. போக்குவரத்து அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் விண்ணப்பங்களில் முத்திரை குத்தி ஓய்வு பெற்றவர். தினமும் பதினொரு மணிக்கு வந்து கடையின் இரண்டாவது ஸ்டூலில் உட்காருவார். அந்த ஸ்டூலுக்கு ஒரு கால் குட்டை. அடியில் மடித்த அட்டை முட்டுக்கொடுத்திருக்கும். குனிந்து அட்டையைச் சரிசெய்து, உட்கார்ந்து, மூச்சு வாங்கிவிட்டு அவர் சொல்லும் முதல் வாக்கியம், "அத்தான், நேத்து நீங்க சொன்னது தப்பு." அதைக் கேட்டதும் மந்திரியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். மச்சானுடைய அறிவு காலை ஏழு மணி ரேடியோச் செய்தியிலிருந்து வருவது. பல் தேய்த்துக்கொண்டே கேட்பதால் அதிலும் பாதிதான் உள்ளே போகும். இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு ஆறு வருஷம் ஓடிவிட்டன.

ஆறு வருஷத்தையும் ஒரே கேள்வியில் நிறுத்தியவர் மாடி டீச்சர். இஸ்திரிப் பெட்டியை வாங்கிப் போக வந்திருந்தார். மின் கட்டணம் ஏறியிருந்த வாரம் அது.

"அமைச்சர்தான் ஏத்துறாரு. உட்கார்ந்து ஒரு கையெழுத்து. அவ்வளவுதான், ஏறிடும்" என்றார் மந்திரி.

"அமைச்சரா? அவருக்கு என்ன தெரியும்? அதுக்குன்னு ஓர் ஆணையம் இருக்கு, அத்தான். ஏழு பேர்."

"ஒன்பது."

"ஏழு."

"ரெண்டு பேரைப் போன வருஷம் சேர்த்தாங்க. அதெல்லாம் உன் ரேடியோல சொல்ல மாட்டான்."

ஒரு நிமிஷத்துக்கு முன்பு வரை அப்படி ஓர் ஆணையம் இருப்பதே மந்திரிக்குத் தெரியாது. இப்போது அதில் இரண்டு பேரைச் சேர்த்தும் விட்டார்.

டீச்சர் ஒரு பக்கமும் சேரவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டார். வினையே அங்கேதான். "எனக்கு ரொம்ப நாளா இது புரியலை. அந்த ஆணையம் ஒரு விலையை எப்படித்தான் முடிவு பண்ணுது? முதல்லேருந்து ஒரு தடவை சொல்லுங்களேன், கேட்டுக்கறேன்" என்றார்.

இருவரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள். "அதாவது" என்றார் மந்திரி. "அதாவது வந்து" என்றார் மச்சான். அதற்கு மேல் இருவரிடமும் சரக்கில்லை. டீச்சர் பொறுமையாகக் காத்திருந்தார். வகுப்பில் காத்திருந்து பழகியவர்.

மச்சானுக்குக் காது சிவந்தது. "அவரைப் போய்க் கேக்குறீங்களே டீச்சர். அவருக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத்தான் தெரியும்" என்றார்.

மந்திரி தலையை நிமிர்த்தவில்லை. "இருபத்தெட்டு வருஷம் படிச்சுப் பாக்காமலே முத்திரை குத்துனவன் பேசுறான்" என்றார்.

மச்சான் எழுந்து போய்விட்டார். ஸ்டூல் ஒரு பக்கம் சாய்ந்து ஆடி நின்றது. "நான் ஒண்ணும் தப்பாக் கேட்டுடலையே?" என்றார் டீச்சர்.

மறுநாள் பதினொரு மணிக்கு மச்சான் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மந்திரி இரண்டாவது ஸ்டூல்மேல் கருவிப் பெட்டியைத் தூக்கி வைத்தார். சற்று நேரத்தில் எடுத்துக் கீழே வைத்தார். யாராவது அதில் உட்காரப் போனால், "அது ஆடும், இதுல உட்காருங்க" என்று தன் ஸ்டூலைக் கொடுத்துவிட்டு நின்றபடி வேலை செய்தார். ஐந்தாம் நாள் செய்தித்தாள்மேல் இருந்த மோட்டாரைத் தூக்கி, அடியிலிருந்த வயிற்றுப் பகுதியைப் படித்தார். அங்கே சுவையாக ஒன்றுமில்லை. மோட்டாரைத் திரும்ப வைத்துவிட்டார்.

வீட்டில் சாப்பிடும்போது மனைவியிடம் கேட்பார்: "உன் தம்பி வீட்டு மிக்ஸி எப்படி ஓடுது?"

"நல்லாத்தான் ஓடுது."

மறுநாள் மின்விசிறியை விசாரிப்பார். அடுத்த நாள் இஸ்திரிப் பெட்டியை. ஏழாம் நாள் வாசல் மணி வரைக்கும் வந்துவிட்டார். மனைவி தன் தம்பி வீட்டுக்குப் போனபோது தம்பி மகளிடம் இதைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "எல்லாமே நல்லா ஓடுனா அந்த மனுஷன் என்னதான் பண்ணுவாரு, சொல்லு" என்றாள். அப்போது அவள் சிரிக்கவில்லை.

தம்பி மகளுக்கு வயது பதினாறு. கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைப்பது, சர்க்கரை டப்பாவையும் உப்பு டப்பாவையும் இடம் மாற்றுவது போன்ற நல்ல காரியங்களில் கைதேர்ந்தவள். அன்று சாயங்காலமே நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, மடித்து, அப்பாவின் ரேடியோவில் பேட்டரிக்கும் தகட்டுக்கும் நடுவே செருகிவிட்டாள். ரேடியோ கெட்டுப்போனால் அப்பா அத்தான் கடைக்குப் போயாக வேண்டும் என்பது கணக்கு.

கணக்கு தப்பிப் போனது. ரேடியோ கெட்டுப்போனதாக அப்பா நினைக்கவே இல்லை. புது பேட்டரி வாங்கி இரண்டு தடவை மாற்றினார். உள்ளே எட்டிப் பார்க்காமலே மூடியை அழுத்தினார். "ரேடியோல கோளாறு இல்லை. ஒலிபரப்பையே நிறுத்திட்டாங்க" என்று அறிவித்தார். அடுத்த வீட்டுக்காரரிடம் சொன்னார். தண்ணீர்க் குழாயைச் சரிசெய்ய வந்தவரிடம் சொன்னார். எந்தத் துறை, எந்த உத்தரவு, எதற்காக என்று நாளுக்கு நாள் விவரம் கூடிக்கொண்டே போனது. ஆனால் மகள் "அப்படியாப்பா" என்றாள், மனைவி "சரி" என்றாள். சரி என்பவர்களிடம் ஒரு மனிதர் எவ்வளவு நேரம் பேச முடியும்? மூன்றாம் நாள், "இதை உன் மாமாகிட்ட காட்டு. நான் உள்ளே வர மாட்டேன்" என்று கிளம்பிவிட்டார்.

மகள் ரேடியோவோடு கடைக்குள் போனாள். அப்பா எதிரே விளக்குக் கம்பத்தடியில் நின்று, அதில் ஒட்டியிருந்த 'பூனையைக் காணவில்லை' அறிவிப்பை மனப்பாடம் செய்ய ஆரம்பித்தார்.

"மாமா, ஓடலை."

மந்திரி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகத் தெருவைப் பார்த்தார். "பேட்டரி மாத்திப் பாத்தாச்சா?" என்று அந்தப் பக்கத்துக்கும் கேட்கும்படி கேட்டார்.

"ரெண்டு தடவை" என்று கம்பத்தடியிலிருந்து பதில் வந்தது. "பேட்டரியில ஒண்ணும் இல்லைன்னு சொல்லும்மா. ஒலிபரப்பை நிறுத்திட்டாங்கன்னு சொல்லு."

"யாரு நிறுத்துனதாம்?"

"யாருக்கு அதிகாரம் இருக்கோ அவங்க."

"அந்த அதிகாரம் யாருக்கு இருக்குன்னு கேளு."

மகள் யாரிடமும் எதையும் கேட்கவில்லை. கேள்விக்கு இரண்டடி வீதம் அப்பாவே கிட்டே வந்துகொண்டிருந்தார். அதிகாரம் யாருக்கு என்ற இடத்தில் கடைப் படியில் ஒரு கால் வைத்துவிட்டார்.

"திறந்து பாக்கணும்" என்றார் மந்திரி.

பின்மூடியைக் கழற்றினார். இரண்டு பேட்டரியும் புதுசு. இரண்டாவதை வெளியே எடுத்ததும் தகட்டோடு ஒட்டிக்கொண்டிருந்த காகிதம் தெரிந்தது. நகத்தால் நெம்பி எடுத்தார். அந்தத் துண்டுக் காகிதத்தைத் தூக்கிக் காட்டியிருந்தால் போதும். ஒலிபரப்புக் கொள்கை அங்கேயே செத்திருக்கும். ஆயுசுக்கும் மச்சான் ஒரு வாக்குவாதத்தில் ஜெயித்திருக்க முடியாது. அந்தப் படியில் இன்னொரு தடவை கால் வைத்திருக்கவும் மாட்டார்.

மந்திரி காகிதத்தைப் பிரித்து ஒரு பார்வை பார்த்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பெரிய வேலை, மச்சான். நாலஞ்சு நாள் ஆகும். தினம் வந்து பக்கத்துல உட்கார்ந்து கேட்டுச் சொன்னாத்தான் சரி பண்ண முடியும்."

முப்பத்தோரு வருஷத்தில் முதல் தடவையாக, திறந்து பார்த்த பிறகு இல்லாத ஒன்றைச் சொன்னார்.

"அப்போ ஒலிபரப்பு?" என்றார் மச்சான்.

"அது எனக்குத் தெரியலை. நீதான் சொல்லணும்."

அந்த வாயிலிருந்து 'தெரியலை' என்று ஒரு சொல் வரும் என்று மச்சான் எதிர்பார்க்கவில்லை. பிறகு உள்ளே வந்து, ஸ்டூலின் அட்டையைச் சரிசெய்யக் குனிந்தார். அட்டை சரியாகவே இருந்தது. புது அட்டை, நாலாக மடித்தது. உட்கார்ந்தார். ஸ்டூல் ஆடவில்லை. மூச்சு வாங்கினார்.

"அத்தான், அன்னிக்கு நீங்க சொன்னது தப்பு. ஏழு பேர்தான்."

"ஒன்பது."

பத்து நிமிஷத்தில் ஆணையம் பதினான்கு பேராக வளர்ந்திருந்தது. சத்தம் எதிர்ப்பக்கக் கடை வரை போயிற்று. வந்த வேலை முடிந்தது என்று மகள் மெல்ல நழுவினாள். "இங்க வா" என்றார் மந்திரி. ஆணையத்தின் தலைவரை யார் நியமிக்கிறார்கள் என்பதை மச்சான் விரலை மடக்கி விளக்கிக்கொண்டிருந்ததால் இதைக் கவனிக்கவில்லை.

சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து மேஜைமேல் விரித்தார். கோடு போட்ட தாள். அவசரத்தில் கிழித்தவள் அதில் ஏற்கெனவே ஒரு வரி எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை: 'உட்கார்ந்த ஸ்டூலை விட்டு எழாமலே மூன்று முறை அரசாங்கத்தைக் கவிழ்த்தவர்'. பத்திரிகைக்கு அனுப்பலாம் என்று மாமாவைப் பற்றித் தொடங்கிய கட்டுரை. இனி ஒளித்து ஆவதில்லை, அந்த மகள் நான்தான்.

"எப்படி மாமா கண்டுபிடிச்சீங்க?" என்றேன், அப்பா காதில் விழாமல்.

"திறந்து பாத்தேன்" என்றார்.

பிறகு காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். 'மூன்று' என்ற சொல்லை அடித்தார். அதற்கு மேலே 'நான்கு' என்று எழுதி, தாளை என் பக்கம் தள்ளிவிட்டு, ஒரு திருகை வாயில் கவ்விக்கொண்டு அப்பாவின் பக்கம் திரும்பினார்.