நகரி டாங்கிக்கு எண்ணெய்க் காப்பு

பஸ் நகரியில் நிற்கிறது. சாலையோர மேடையில் ஒரு பழைய டாங்கி. யுத்தத்தில் இறந்த ஊர்க்காரர்களின் நினைவுச்சின்னம். வெள்ளிக்கிழமைதோறும் ஊர்ப் பெண்கள் தண்ணீர் அபிஷேகம் செய்தே பீரங்கியைத் துருவேற்றித் திரும்பாதபடி இறுக்கிவிட்டார்கள். யுத்தத்தில் டாங்கி ஓட்டிய முனுசாமி போன மாதம் குடங்களை மறித்தாராம்.

"தண்ணி வேணாம்மா, எண்ணெய்க் காப்பு பண்ணுங்கன்னேன்" என்கிறார். அன்றிலிருந்து வீட்டுக்கு வீடு விளக்கெண்ணெய் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். இன்றுதான் பரீட்சை.

"திரும்புமா?" என்கிறேன்.

"கேட்டுக்கினு நிக்கிறியே சார், வந்து கை போடு!"

இந்தத் தாலுகா ஆந்திராவுக்கா, மதராஸுக்கா என்று வழியெல்லாம் சண்டை போட்ட பயணிகள் இருவரும் என்னோடு சேர்ந்து குழலைத் தள்ளுகிறார்கள். கிறீச்சென்று பீரங்கி திரும்புகிறது. ஊரே ஆர்ப்பரிக்கிறது.

கண்டக்டர் விசிலடிக்கிறார். பஸ்ஸில் யாருமில்லை. டிரைவரும் இங்கேதான் தள்ளிக்கொண்டிருக்கிறார்.