மாரியாயிக்கு அடுத்த பெயர்

முத்துவேல் கங்காணி போய்விட்டார் என்ற செய்தி பஸ்ஸில் வந்தது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்திலிருந்து இறங்கும் காலை பஸ்ஸின் கண்டக்டர் என் தையல் கடை வாசலில் நின்று, "டைலரண்ணே, ஒங்க மச்சான் விடியக்காலையில தவறிட்டாருங்க. அக்கா ஒடனே வரச் சொன்னாங்க" என்றான். தைத்துக்கொண்டிருந்த கால்சட்டையை மெஷினிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். பதுளையில் அன்று சந்தை. அத்தனை சனத்துக்கு நடுவில், சொல்லி அழ எனக்கு ஓர் ஆள் இல்லை. அவரை அறிந்த நம் தோட்டத்துச் சனம் நீங்கள் எங்கெங்கோ போய்விட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

பெரட்டுக்களத்தில் காலையில் வேலைக்குப் பிரிக்குமுன் அவர் பெயர் கூப்பிட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். பனியில் நடுங்கி நிற்கும் பெண்களை, தாள் எதையும் பாராமல், பொன்னாத்தா, செல்லாயி, காளியம்மா என்று வரிசை பிசகாமல் கூப்பிடுவார். "பேர முழுசாக் கூப்பிடணும் மாப்புள. அரைகுறையாக் கூப்பிட்டா அரை ஆளுதான் வேலைக்கு வரும்" என்பார். அந்த வரிசையில் கடைசிக்கு முந்தியவள் மாரியாயி. கடைசிப் பெயர் என் அக்கா ராசம்மா. பெண்டாட்டியை முதலில் கூப்பிட்டால் தோட்டமே பேசும் என்று அவர்தான் அப்படி வைத்தார். அக்காவுக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு.

ஒரு மழைக்காற்றில் மரக்கிளை முறிந்து அவர் தலையில் விழுந்தது. லொறியில் போட்டு பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். கண் விழித்தபோது வலக்கை, வலக்கால், பேச்சு மூன்றும் இல்லை. யாழ்ப்பாணத்து டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: "மூளையில அடிபட்டிருக்கு. நடை மெல்ல மெல்ல வரும். பேச்சு எப்ப வருமெண்டு சொல்லேலாது. வீட்டில விடாமல் கதைச்சுக்கொண்டிருங்கோ." வீட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து அக்கா அவரோடு பேசினாள். லயத்து வீட்டுச் சுவரைப் பிடிக்கவைத்து நடத்தினாள். ரொட்டி மாவை அவர் வலக்கையில் திணித்துப் பிசையச் சொன்னாள். கங்காணி மாவு பிசைகிறார் என்று சிரித்தவர்களும் இருந்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அந்த விரல்கள் அசைந்தது அப்படித்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில் அவர் வாய் திறந்தது. "பொன்னாத்தா! செல்லாயி! காளியம்மா!" சத்தம் கேட்டு அடுத்த காம்பரா வீட்டில் ஒருத்தி கூடையைத் தூக்கிக்கொண்டு பெரட்டுக்கே ஓடிவிட்டாள். எங்களுக்குச் சந்தோசம் ஒருபக்கம், பயம் ஒருபக்கம். மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது, இன்னும் களத்தில்தான் நிற்கிறார் என்று நினைத்தோம். அவர் தொடங்கும்போதெல்லாம், "இன்னிக்குப் பெரட்டு இல்லீங்க, படுங்க" என்று அடக்கினோம். அடக்க அடக்க அவர் இடக்கையால் சுவரில் அடித்து அழுதார்.

அக்காதான் ஒருநாள் அடக்காமல் கடைசிவரை சொல்லவிட்டாள். "எல்லாப் பேரும் மடமடன்னு ஓடுச்சு தம்பி. எம் பேரு வந்ததும் நிறுத்திட்டு என்னையே பாத்தாரு. கையால செம்பக் காட்டுனாரு, தண்ணி வேணுமாம்! என்னக் கூப்பிடத்தான்டா இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்காரு" என்று சொல்லி அழுதாள். தனியாக அவள் பெயர் அவருக்கு அகப்படவில்லை. வரிசையைப் பிடித்துக்கொண்டு வந்தால்தான் அகப்பட்டது.

பிறகு அக்கா வரிசையைச் சுருக்கப் பழக்கினாள். கடைசியில், "மாரியாயி, ராசம்மா" என்ற அளவுக்கு வந்து நின்றது. அதற்குமேல் சுருங்கவில்லை. பக்கத்துக் காம்பரா மாரியாயி விடுவாளா? "நான் இல்ல கங்காணி, ஒங்க பொஞ்சாதியக் கூப்பிடுங்க! எம் புருசன் கேட்டா வெட்டுக்குத்து ஆயிரும்!" என்பாள். மச்சான் கோணிய வாயால் சிரிப்பார். அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு அது ஒன்றுதான்.

பிரஜாவுரிமை மனு தள்ளுபடியாகி மாரியாயி குடும்பம் இந்தியாவுக்குப் போகத் தலைமன்னாரில் கப்பல் ஏறியது. லயத்தில் வேறு சிலரும் போனார்கள். அப்புறம் "மாரியாயி" என்று அவர் கூப்பிட்டால் பக்கத்தில் பூட்டிய கதவுதான். "அவ போயிட்டாங்க. நான் இருக்கேன்ல? எம் பேர மட்டும் ஒருவாட்டி சொல்லுங்க" என்று அக்கா கெஞ்சுவாள். அவர் உதடு துடிக்கும். கண் நிறையும். "மாரியாயி" என்றுதான் வரும்.

அடக்கம் முடிந்து சனம் கலைந்த பிறகு அக்கா என்னிடம் சொன்னாள். அவர் போவதற்கு முந்தின வாரம் அடுப்படியில் இருந்தாளாம். "ராசம்மா!" என்று ஒரு குரல். முழுப் பெயர், பழைய பெரட்டுக் குரல். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலிருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வாசலுக்கு ஓடியிருக்கிறாள். வெளியே பனிதான், ஒருவரும் இல்லை. உள்ளே திரும்பினால் மச்சான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "நீங்களா? நீங்களா கூப்பிட்டீங்க? இன்னொருவாட்டி சொல்லுங்க சாமி" என்று காலைப் பிடித்திருக்கிறாள். மறுபடியும் "மாரியாயி" என்றே தொடங்கினாராம். "இத்தன வருசம் காத்துக் கெடந்துட்டு, கூப்பிட்டப்ப வாசலுக்குப் போயிட்டேனேடா" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

மச்சானிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வரிசை. மெஷின் மிதிக்கும்போது முழுசாகச் சொல்லிப் பார்க்கிறேன். பாதிப் பேர் இந்த நாட்டிலேயே இல்லை. மாரியாயியோடு நிறுத்திக்கொள்கிறேன், அதற்கடுத்த பெயர் அவர் கூப்பிடவேண்டியது. போன ஞாயிறு அக்காவைப் பார்க்கப் போனேன். வாசலில் நின்று ஒருத்தி "ராசம்மா" என்று கூப்பிட்டாள். அக்கா வாசலைப் பார்க்கவில்லை, மச்சான் படுத்திருந்த மூலைப் பக்கம் திரும்பி, "இந்தா வந்துட்டேங்க" என்றாள்.