பொட்டு வைத்து அழைத்த காட்சி

என் மகள் எடுத்த படத்தை யாருக்குக் காட்டுவது என்று தெரியாமல் அது எட்டு மாதம் ஒரு ஹார்டு டிஸ்கில் கிடந்தது. தொண்ணூறு நிமிடப் படம். நாகலாபுரத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வேலைக்குப் போகும் ஒரு பெண்ணின் கதை என்று மட்டும் என்னிடம் சொல்லியிருந்தாள். காட்டவில்லை. படத்தில் எல்லோரும் ஆந்திர எல்லையில் நாங்கள் பேசுகிற மாதிரியே பேசுகிறார்களாம், தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடித்து. சென்னையில் பத்து நிமிடம் பார்த்த ஒருவர், இது ஆந்திரப் படம் என்றாராம். ஹைதராபாத்தில், இது தமிழ்ப் படம், டப்பிங் செய்து கொண்டுவா என்றார்களாம்.

கடைசியாகத் திருப்பதியில் ஒரு விநியோகஸ்தரைப் பார்க்கப் போனாள். மாவட்டத்துச் சின்னத் தியேட்டர்களுக்குப் படம் கொடுப்பவர். டிபன் கடை ஒன்றின் மாடியில் அவருடைய அலுவலகம். நானும் போனேன். இருபத்தாறு வயதுப் பெண்ணோடு அம்மா எதற்கு என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் ஒரு டீ சொன்னார்.

“படம் எப்டி கீதுன்னு நான் கேக்கலமா. யாருக்கு? அத சொல்லு.”

“எல்லாருக்கும் சார்.”

“சரி. போஸ்டர எங்க ஒட்டறது? கோயில் கிட்டயா, காலேஜ் கிட்டயா, மார்க்கெட் கிட்டயா?”

அவள் டீயைக் கையில் எடுத்து மறுபடி கீழே வைத்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் நகரியில் ஒரு காட்சி போடலாம், வருகிறவர்களை வந்து பார்க்கிறேன், அதன் பிறகு சொல்கிறேன் என்றார். அவர் மறுத்தால் படத்தை ஏதாவது செல்போன் ஆப்புக்குக் கொடுத்துவிட்டுப் பழையபடி கல்யாண வீடியோ எடிட்டிங்குக்கே போய்விடுவதாக, திரும்பும் பஸ்ஸில் சொன்னாள். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு சொல்லித் தருபவள். காலி இருக்கைகளை என்னால் கற்பனை செய்ய முடிந்தது. எனவே அவளிடம் சொல்லாமல் குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

எங்கள் பக்கத்தில் கல்யாணமோ காதுகுத்தோ, பத்திரிகை கொடுத்தால் போதாது. வீட்டுக்குப் போய் அந்த வீட்டுப் பெண்ணின் நெற்றியில் பொட்டு வைத்து அழைக்க வேண்டும். பொட்டு வைத்துக்கொண்டவர்கள் வராமல் இருக்க மாட்டார்கள். வந்த இடத்தில் குறையும் சொல்ல மாட்டார்கள். நான்கு மாலைகளில் ஆறு தெருக்கள் போனேன். தறிச் சத்தத்துக்கு மேல் கத்திப் பேசி, தியேட்டர் பெயரையும் நேரத்தையும் இரண்டு முறை சொன்னேன். கடைசி வீடு என் நாத்தனார் வீடு.

“நீங்க கவலப்படாதீங்க அண்ணி, எங்க தெருவே வந்துடும்,” என்றாள். வாசல் வரைக்கும் வந்து, “பட்டா, சாதாவா?” என்று கேட்டாள்.

பட்டில்தான் வந்தார்கள். இடைவேளைக்கு முன்பே ஒருவர் குனிந்து, பந்தி எங்கே என்று விசாரித்தார். அரங்கம் நிறைந்திருந்தது. மகள் கதவருகே நின்று வருகிற ஒவ்வொருவருக்கும் அரைத் தாள் ஒன்றைக் கொடுத்தாள். அதில் மூன்று கேள்விகள்: எங்கே சிரித்தீர்கள், எங்கே எழுந்து போகத் தோன்றியது, யாரைப் பார்க்கச் சொல்வீர்கள். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் தெலுங்கு. பட்டுச் சேலைகளைப் பார்க்கப் பார்க்க அவள் முகம் மாறியது. சந்தோஷம் என்று நினைத்துக்கொண்டேன்.

படம் தொடங்கிக் கால் மணி நேரத்தில் திரையில் ஒரு அம்மா வந்தாள். இடுப்பில் செல்போனைச் செருகியிருந்தாள். எடுத்து எண்ணை அழுத்தினாள்.

“எங்க கீற? பக்கத்துல யாரு? போன அவங்ககிட்ட குடு.”

அவை என் வாக்கியங்கள். மூன்றும் அந்த வரிசையிலேயே. என் செல்போன் என் இடுப்பில் இருந்தது. திரையில் அந்த அம்மா மறுபடி மறுபடி போன் செய்தாள், பதினோரு முறை. பஸ்ஸில் மற்ற பெண்கள் சிரித்தார்கள். அரங்கத்தில் என்னைச் சுற்றி யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு தலைகூட என் பக்கம் திரும்பவில்லை. அவ்வளவு கவனமாகத் திரும்பாமல் இருந்தார்கள்.

காட்சி முடிந்ததும் விநியோகஸ்தர் வெளியே தூண் அருகே நின்றார்.

“ஹால் ஃபுல்லுமா. ஆனா படம் பாக்க ஒருத்தரும் வரல. உங்க வூட்டு விசேஷத்துக்கு வந்துக்கீறாங்க.”

தாள்களில் எழுதியிருந்ததை அவரே புரட்டிப் படித்தார். நல்லா இருக்கு. பாப்பா மேல மேல வரணும். எங்கே எழுந்து போகத் தோன்றியது என்பதற்கு நேராக ஒருவர், கல்யாணம் எப்போ என்று எழுதியிருந்தார்.

மகள் என்னைப் பார்த்தாள். “பொட்டு வச்சியா?”

“சும்மா சொன்னா யாருடி வருவா?”

“அதத் தெரிஞ்சிக்கத்தானேம்மா போட்டேன். யாரு தானா வருவாங்க, யாரு வரமாட்டாங்கன்னு.”

கையில் சிமிழ் இருந்த பை இருந்தது. அதை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

விநியோகஸ்தர் ஒரு தாளில் நின்றார். தெலுங்குப் பக்கத்தில் பேனாவால் எழுதியது. எங்கே சிரித்தீர்கள்: போன் வரும்போதெல்லாம். எங்கே எழுந்து போகத் தோன்றியது: இல்லை. யாரைப் பார்க்கச் சொல்வீர்கள்: எங்க பஸ்ஸை.

“இது யாரு?”

கடைசி வரிசையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள் என்றாள் மகள். கழுத்தில் கம்பெனி அட்டை. யாரும் அழைக்கவில்லை, கதவு திறந்திருப்பதைப் பார்த்து உள்ளே வந்தவர்கள். அவளிடம் தமிழில் பேசினார்களாம். “தமிழ் பேசிக்கினு எதுக்குத் தெலுங்குல எழுதறாங்க?” என்று அவர் கேட்டார்.

அதற்கு என்னால் பதில் சொல்ல முடிந்தது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான். வீட்டில் தமிழ், படிப்பது தெலுங்கு. தமிழ் எழுத்துத் தெரியாது. இருபது வருடமாக அவர்களுக்கு எதிரில் நிற்கிறேன். நகரிக் காட்சிக்கு மகள் ஒட்டிய போஸ்டர் தமிழ் எழுத்தில் இருந்தபோது இதைச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அவர் அந்தத் தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். “இன்னொண்ணு போடு. சத்தியவேட்டுல. இந்த பஸ்ஸுக்கு. இதான் கடைசி.”

மகள் தெலுங்கு எழுத்தில் சின்னச் சின்னப் போஸ்டர் அடித்தாள். நாகலாபுரத்திலிருந்து வரதய்யபாளையம் வரை கம்பெனி பஸ் நிற்கும் இடங்களில் தானே ஒட்டினாள். நான் கூடப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து, இந்நேரம் எந்த நிறுத்தத்தில் இருப்பாள் என்று நிமிடக் கணக்குப் போட்டேன். போனை இரண்டு முறை எடுத்து இரண்டு முறை வைத்தேன்.

சத்தியவேட்டுக்கு வர எனக்கு அவள் போட்ட நிபந்தனைகள் இரண்டு. ஒருவரையும் அழைக்கக் கூடாது. அவளுடைய அம்மா என்று யாரிடமும் சொல்லக் கூடாது.

சத்தியவேட்டில் அரங்கம் பாதிதான் நிறைந்தது. எல்லாம் பெண்கள்; சிலர் தம்பி தங்கைகளோடு வந்திருந்தார்கள். கொறிக்கிற சத்தத்தில் முதல் வசனங்கள் கேட்கவில்லை. பக்கத்து இருக்கைப் பெண் மிக்சர் பொட்டலத்தை நீட்டினாள்.

“துன்னுங்க ஆன்ட்டி. நீங்க எந்த கம்பெனி?”

“ஸ்கூல்மா.”

“ஐயோ, டீச்சரா,” என்று பொட்டலத்தை மறைப்பது போல நடித்தாள்.

திரையில் அந்த அம்மா வந்தாள். எங்க கீற என்றதும் ஒருத்தி சத்தமாக, “பஸ்ல கீறேன்!” என்றாள். பக்கத்துல யாரு என்பதற்கு மூன்று வரிசைகள் சேர்ந்து, “டிரைவரு!” என்றன. அடுத்த போனுக்கு, திரையில் வசனம் வருமுன்பே இவர்கள் சொல்லிவிட்டார்கள். என் பக்கத்திலிருந்தவள் முன்னிருக்கைக்காரியின் முதுகில் தட்டித் தட்டிச் சிரித்தாள்.

“எங்கம்மாவ யாரோ வீடியோ எடுத்துக்கீறாங்கடி!”

நானும் சிரிக்க முயன்றேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை.

கடைசியில் ஒரு நாள் போன் வருவதில்லை. பஸ்ஸில் அந்தப் பெண் போனைப் பார்க்கிறாள், வைக்கிறாள், பார்க்கிறாள். நகரியில் அந்த இடத்தில் ஜரிகை உரசும் சத்தம் கேட்டது. இங்கே ஒன்றும் கேட்கவில்லை. மிக்சர் பொட்டலம்கூட அசையவில்லை. “ஏன் போன் பண்ணல?” என்று பக்கத்து இருக்கைப் பெண் மெல்லக் கேட்டாள், என்னையா திரையையா என்று தெரியவில்லை.

வெளியே வந்தபோது விநியோகஸ்தர் தாள்களை வாங்கக்கூட இல்லை. முதல் வாரம் சத்தியவேட்டிலும் புத்தூரிலும், ஞாயிறு மத்தியானக் காட்சி மட்டும், மற்ற நாளெல்லாம் வேண்டாம் என்றார். போஸ்டர் பஸ் நிற்கிற இடத்தில் மட்டும். நகரியைப் பற்றிப் பேசவில்லை. மகள் தலையசைத்தாள்.

பிறகு அவள் என்னிடம் வந்து ஒரு தாளை நீட்டினாள். மற்றவர்களுக்குக் கொடுத்த அதே தாள், அதே முகம்.

சுவரில் வைத்து எழுதினேன். எங்கே சிரித்தீர்கள்: சிரிக்க முடியவில்லை. எங்கே எழுந்து போகத் தோன்றியது: முதல் போன் வந்தபோது, பின்பு இல்லை. யாரைப் பார்க்கச் சொல்வீர்கள் என்ற இடத்தில், யாரையும் அழைக்க மாட்டேன், வருகிறவர்கள் வரட்டும் என்று எழுதினேன்.

மகள் வாங்கிப் படித்தாள். மற்ற தாள்களுக்கு நடுவில் செருகி, ரப்பர் பேண்டு போட்டாள்.