கிண்ணத்துக்கு வந்த மருமகன்

ஒன்பது வருடங்களாக மகளின் வீட்டு வாசலை மிதிக்காத அருமைநாதன், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மெல்பேர்ணின் மல்கிரேவில் இருந்த அந்த வீட்டுக்குள் வந்து கதிரையில் உட்கார்ந்ததும் முதல் விசாரித்தது மருமகனின் முழங்காலைப் பற்றித்தான். மகள் எப்படியிருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இப்ப கால் எப்பிடி மருமகன்? ஓட ஏலுமோ?"

மருமகனாம்! அந்தச் சொல் அப்பாவின் வாயிலிருந்து வராதா என்று மகள் ஷாமளா எத்தனை நாள் ஏங்கியிருக்கிறாள். இப்போது வந்திருக்கிறது, ஆனால் வந்த காரணம் சகிக்கவில்லை. அப்பாவுக்குப் பக்கத்தில் பழைய மாணவர் சங்கத் தலைவர் கல்யாணசுந்தரம் உட்கார்ந்து, அவள் வைத்த கேக்கை வாயில் அதக்கிக்கொண்டு பல்லைக் காட்டினார்.

விஷயம் வேறொன்றுமில்லை. யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் வருடாவருடம் மெல்பேர்ணில் தங்களுக்குள் ஓர் உதைபந்தாட்டப் போட்டி வைப்பார்கள். முக்கால்வாசிப் பேருக்குத் தொந்தியும் இடுப்பில் நாரிப்பிடிப்பும் வந்துவிட்டன, வீம்புக்கு மட்டும் குறைவில்லை. ஆள் போதாமல் போனபோது விதியைத் தளர்த்தினார்கள். பழைய மாணவர்களின் பிள்ளைகளும் ஆடலாம், மருமக்களும் ஆடலாம். அருமைநாதன் தன் கல்லூரி அணிக்கு மனேஜர். எதிர்க் கல்லூரிக்காரர்கள் வருடம் தவறாமல் வெற்றிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போனதில் மனிதர் நித்திரையைத் தொலைத்திருந்தார். அப்போதுதான் யாரோ, "அண்ணை, உங்கடை மகள் கட்டினது ஒரு பெரிய பிளேயரை அல்லோ" என்று ஞாபகப்படுத்தியிருக்கிறான். சொந்த மகள் யாரைக் கட்டினாள் என்று அந்த மனிதருக்கு அடுத்தவன் ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது.

அவள் கட்டியது கொஸ்மினை. ருமேனியாவில் டான்யூப் ஆற்றங்கரையில் இருக்கும் பிரைலா என்ற துறைமுகத்து ஊர்க்காரன். தகப்பன் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர். கொஸ்மின் இடது விங்கர். பந்தைக் கோட்டோரமாக உருட்டிக்கொண்டு ஓடி, தடுக்க வருகிறவன் திரும்புவதற்குள் நடுவுக்கு அடித்துவிடுவான். அதை யாரோ கோலாக்குவார்கள். கட்டிப்பிடித்துக் கொண்டாடுவது அந்த யாரோவைத்தான். பத்திரிகையில் படம் வருவதும் அவனுக்குத்தான். கொஸ்மினுக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை. பந்து கொடுப்பதுதானே என் வேலை என்பான்.

பதினேழு வயதில் ஊர்க் கழகத்தில் தொடங்கினான். தலைநகரத்துப் பெரிய கழகம் ஒன்று அவனை வாங்கி ஆட விடாமல் இரண்டு வருடம் மைதானத்துக்கு வெளியே வாங்கில் இருத்தி வைத்தது. அங்கிருந்து சைப்பிரஸ் போனான். அந்தக் கழகம் ஒரு நாள் கதவைப் பூட்டிவிட்டது, உள்ளே இருந்த சப்பாத்தைக்கூட எடுக்க விடவில்லை. பிறகு ஹங்கேரியில் இரண்டாம் பிரிவு. பிறகு மலேசியா, அங்கே பயிற்சியாளர் மாறினார், வந்த புதியவர் அவன் பெயரைக்கூடக் கேட்காமல் வீட்டுக்கு அனுப்பினார். ஒவ்வொரு இடத்திலும் வரவேற்கும்போது குடும்பம், குடும்பம் என்று சொன்னார்கள். ஒவ்வொரு இடத்திலும் கிளம்பும்போது வழியனுப்ப ஒரு நாயும் வரவில்லை.

கடைசியாக மெல்பேர்ண். முதல் பருவத்தில் சனம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. இரண்டாம் பருவத்தில் முழங்கால் போனது. ஊசியைப் போட்டு மைதானத்தில் இறக்கினார்கள். வலிக்கிறது என்றான், இந்த ஒரு ஆட்டம் மட்டும் என்றார்கள், அடுத்த கிழமையும் அதையே சொன்னார்கள். கால் முழுதாகப் படுத்த பிறகுதான் ஸ்கானுக்கு அனுப்பினார்கள். அந்த ஸ்கான் எடுத்தவள் ஷாமளா. முகத்தைச் சரியாகப் பார்க்குமுன்பே அவள் பார்த்தது அந்த முழங்காலின் உட்புறத்தைத்தான். அப்படியொரு காலை வைத்துக்கொண்டு ஒருத்தனை ஓட விட்டவர்கள் மனிதர்களா என்று அவளுக்கு அன்றைக்கே அருவருத்தது. அவன் மெஷினுக்குள் படுத்திருந்த நேரத்தில்தான் ஒப்பந்தத்தை முடித்துவிட்டதாகக் கழகம் அவன் ஃபோனுக்குச் செய்தி அனுப்பியிருந்தது. வெளியே வந்து படித்துவிட்டு, பக்கத்தில் எங்கே நல்ல கோப்பி கிடைக்கும் என்று அவளிடம் கேட்டான்.

கலியாணம் என்று வந்தபோது அருமைநாதன் குதித்த குதி கொஞ்சநஞ்சமல்ல. "வெள்ளையெண்டாலும் ஒரு டொக்டர், எஞ்சினியர் எண்டால் நாலு பேருக்குச் சொல்லலாம். பந்து உதைக்கிறதும் ஒரு உத்தியோகமோ?" என்று கேட்டார். மகளைத் தலைமுழுகிவிட்டதாகச் சங்கத்துக்காரர்கள் எல்லோருக்கும் சொன்னார். பதிவுத் திருமணத்துக்கு ஒருவரும் வரவில்லை. அம்மா புஷ்பவல்லி மட்டும், அப்பா கடைக்குப் போகும் நேரம் பார்த்து ரகசியமாக ஃபோன் எடுப்பாள்.

இரண்டு வருடத்துக்கு முன் அந்த அம்மாவும் போய்விட்டாள். மாமியின் சவப்பெட்டியைத் தூக்குவது மருமகன் செய்யவேண்டியது என்று ஷாமளா சொல்லியிருந்தாள். கொஸ்மின் அதற்கென்று கறுப்புக் கோட்டு வாங்கி, காலையிலேயே வந்து நின்றான். பெட்டியைத் தூக்குகிற நேரம் அவன் முன்னுக்குப் போக, ஒருவர் அவன் நெஞ்சில் கையை வைத்து, "குடும்பத்து ஆக்கள் மட்டும்" என்று தடுத்தார். அவர் கல்யாணசுந்தரம். அப்பா பார்த்துக்கொண்டுதான் நின்றார், பார்க்காத மாதிரி. அதே கல்யாணசுந்தரம் இப்போது இரண்டாவது கேக் துண்டுக்குக் கை நீட்டுகிறார்.

"ஒரே ஒரு மாட்ச்தான் தம்பி. நீர் எங்கட குடும்பம் அல்லோ!" என்றார் அவர்.

ஷாமளா எழும்பிக் குசினிக்குள் போனாள். இருந்தால் அந்தக் கேக் தட்டை அவர் தலையில் கவிழ்த்திருப்பாள். கொஸ்மின் நொண்டியபடி பின்னால் வந்தான். அவன் இப்போது வீடுகளில் தரைக்கு ரைல்ஸ் பதிக்கிறவன், நாள் முழுக்க முழங்காலில் நிற்கிற வேலை. இன்னொரு தடவை கிழிந்தால் அந்த வேலையும் இல்லை என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

"உனக்கு விளங்கேல்லையா? அவை உன்னைத் தேடி வரேல்லை. உன்ர காலைத் தேடி வந்திருக்கினம்" என்று ஆங்கிலமும் தமிழுமாகக் கொதித்தாள்.

"தெரியும்" என்று ஆங்கிலத்தில் சொன்னான்; தமிழில் அவனுக்கு ஒருசில சொற்களே விளங்கும். "என்னைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் காலைத் தேடித்தான் வந்தார்கள். ஆனால் உன் அப்பா நம் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறார், ஷாமளா. என்னை மருமகன் என்கிறார். ஒரு ஆட்டம் ஆடிக் கொடுத்தால் பொங்கலுக்கும் வருவார். பிறகு வந்துகொண்டே இருப்பார்."

இத்தனை பேரிடம் ஏமாந்தும் புத்தி வராத மனிதன்! அவளுக்கு அவன்மேல் ஆத்திரம் வந்தது. அதைவிடப் பெரிய ஆத்திரம் தன்மேல்தான். பொங்கலுக்கு அப்பா வருவார் என்று கேட்டதும் அவள் நெஞ்சும் வெட்கமில்லாமல் ஒரு துள்ளுத் துள்ளியது. போகாதே என்று அவள் சொல்லவில்லை.

போட்டியன்று மைதானம் முழுக்கக் கொத்துரொட்டி வாசம். அருமைநாதன் மருமகனின் தோளில் கை போட்டபடி ஆள் ஆளாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். செத்தவீட்டில் கண்டும் காணாமல் போன அன்ரிமார், "எப்பிடி இருக்கிறியள் தம்பி, ரோல்ஸ் சாப்பிடுங்கோ" என்று வழிந்தார்கள். கொஸ்மின் எல்லோருக்கும் கை கூப்பிக்கொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக நின்றான். ஷாமளா வேலிக்கரையில் நின்று பல்லைக் கடித்தாள்.

முதல் பாதியில் அவன் கொடுத்த பந்து ஒன்று கோலானது. அவ்வளவுதான், இடைவேளையில் எதிர்க் கல்லூரிக்காரர்கள் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அவர்களின் கப்டன் யுவனேஷ் நடுவர்களின் மேசையில் ஓங்கி அடித்தான்.

"இவர் மருமகன் எண்டு ஆர் சொன்னது? அருமைநாதன் அங்கிள் மகளைத் தலைமுழுகினது மெல்பேர்ண் முழுக்கத் தெரியும். உந்தக் கலியாணத்துக்கு ஒருத்தரும் போகேல்லை!"

போட்டிக் குழுவினர் ஆளையாள் பார்த்தார்கள். பிறகு ஒலிவாங்கியை அருமைநாதனிடம் நீட்டினார்கள், சபையறியச் சொல்லும்படி. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். வாய் கூசாமல் சொன்னார்.

"இவர் என்ர மருமகன். நானே முன்னுக்கு நிண்டு செய்து வைச்ச கலியாணம்."

சனம் கை தட்டியது. அது பொய் என்று தட்டினவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஷாமளா ஓடிப்போய் அந்த ஒலிவாங்கியைப் பறித்து, என் கலியாணத்துக்கு என்னைப் பெத்தவர் வரேல்லை என்று கத்தத் துடித்தாள். அப்போது கொஸ்மினைப் பார்த்தாள். மருமகன் என்ற ஒரு சொல்தான் அவனுக்கு விளங்கியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். அவள் கத்தவில்லை. பேசாமல் நின்ற தன்னை நினைக்க அவளுக்கே வெட்கமாயிருந்தது.

இரண்டாம் பாதி முடியப்போகிற நேரம். ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது. கொஸ்மின் கோட்டோரமாகப் பந்தைக் கொண்டு ஓடினான். தடுக்க வந்த ஒருவனை வெட்டித் தாண்டினான். இடது காலால் நடுவுக்கு அடித்தான். அடித்த வேகத்தில் மற்றக் காலின் முழங்கால் மடங்கி, அப்படியே விழுந்தான். பந்து போய்ச் சேர்ந்தது, யாரோ தலையால் முட்டினார்கள், கோல். மைதானமே அந்தப் பக்கம் ஓடியது. பிள்ளைகள் ஓடினார்கள், கல்யாணசுந்தரம் வேட்டி தடக்கத் தடக்க ஓடினார். அருமைநாதனும் ஓடினார். கோட்டோரத்தில் காலைப் பிடித்துக்கொண்டு கிடந்த மருமகனைத் தாண்டித்தான் ஓடினார். தாண்டும்போது கீழே பார்த்துக் கால் வைத்தார், அவன்மேல் மிதித்துவிடாமல்.

ஷாமளா அவனைத் தூக்கி உட்கார வைத்து, ஐஸ் கேட்டு அலைந்து வந்தபோது கிண்ணத்தோடு படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவள் நேரே அப்பாவிடம் போனாள்.

"அப்பா, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகவேணும். ஒருக்கா வந்து பிடியுங்கோ."

"நீ மெல்லக் கூட்டிக்கொண்டு போ பிள்ளை. இஞ்சை எல்லாரும் நிக்கினம், நான் இப்ப எப்பிடி வாறது?" என்றவர், கமராவைப் பார்த்துச் சிரித்தார்.

முழங்காலில் கத்தி வைக்க வேண்டியதாயிற்று. ரைல்ஸ் வேலையை மறந்துவிடச் சொல்லிவிட்டார்கள். சங்கத்தின் வாட்ஸப் குழுவில் கிண்ணத்தின் படம் பல நாள் ஓடியது. அதில் கொஸ்மின் இல்லை. ஒருவர் ஃபோன் எடுத்துக் கால் எப்படி என்று கேட்கவில்லை. கொஸ்மின் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் சவரம் செய்து, சுத்தமாக உடுத்து, முன்னறையில் உட்கார்ந்திருப்பான். யாருக்காக என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவானோ என்ற பயம்.

ஒரு ஞாயிறு உண்மையாகவே அருமைநாதனின் கார் வந்து நின்றது. கொஸ்மின் ஊன்றுகோல்களைப் பற்றிக்கொண்டு அவளுக்கு முந்திக் கதவைத் திறந்தான்.

"வாங்கோ மாமா, உள்ளுக்கு வாங்கோ" என்றான். அந்த வரியை அவன் தனியே இருந்து சொல்லிப் பழகியிருந்தது ஷாமளாவுக்குத் தெரியும்.

"இல்லையில்லை. கார் எஞ்சின் ஓடிக்கொண்டு நிக்குது." அவர் வாசற்படியில் நின்றபடியே அவனைத் தாண்டி மகளைப் பார்த்தார். "பிள்ளை, அண்டைக்குப் போட்ட அந்த ஜேர்சியை ஒருக்கா எடுத்துத் தா. செட்டிலை ஒண்டு குறையுது. கல்யாணசுந்தரத்தின்ர மருமகன் சிட்னியிலயிருந்து வாறான், அவனும் விங்தான் விளையாடுறவனாம்."

ஷாமளா நின்ற இடத்தில் நின்றாள். கொஸ்மினுக்கு ஜேர்சி என்ற சொல் விளங்கியது. ஊன்றுகோல் தரையில் தட்டத் தட்ட உள்ளே போய், தோய்த்து மடித்து வைத்திருந்ததை எடுத்து வந்து, பெரியவர்களுக்குக் கொடுக்கும்போது கொடுக்கச் சொல்லி அவள் பழக்கியிருந்த மாதிரி இரண்டு கையாலும் கொடுக்கப் பார்த்தான். ஊன்றுகோல் ஒன்று கை நழுவி விழுந்தது. அருமைநாதன் அதைக் குனிந்து எடுக்கவில்லை. ஜேர்சியை விரித்து, இலக்கத்தைப் பார்த்து, அக்குளுக்குள் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"அப்பா."

அவர் நின்றார்.

"அண்டைக்கு மைக்கிலை மருமகன் எண்டு சொன்னனீங்கள் அல்லோ. அதையும் கொண்டு போங்கோ. எங்களுக்கு வேண்டாம்."

கார் எஞ்சின் ஓடிக்கொண்டு நிற்பது ஞாபகம் வந்தவர்போல அவர் போய்விட்டார்.

"என்ன சொன்னாய்?" என்று கொஸ்மின் கேட்டான். மறைக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். பிறகு சொன்ன ஒவ்வொரு சொல்லையும் அவனுக்கு ஆங்கிலத்தில் சொன்னாள். அவன் வீதியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். கார் திரும்பி மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

கதவைச் சாத்தியது அவன்தான்.