அக்காவின் ஜெபமும் என் வலது கண்ணும்

கண்டிக்கு அருகே வத்தேகம பக்கம், தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவன் நான். சிறிய பயணிகள் விமானமொன்றில் துணை விமானியாக இருக்கிறேன். போன வருடம் மார்ச் மாதம், கண்ணாடியை விட்டுவிடலாம் என்று கொழும்பில் லேசர் சிகிச்சை செய்துகொண்டேன். இடது கண் தெளிந்தது. வலது கண்ணில் புகை படிந்தது போல ஒரு மங்கல் நின்றுவிட்டது. வாகன விளக்குகளைச் சுற்றி வளையம் தெரிந்தது. பறக்கத் தகுதியில்லை என்று எழுதிவிட்டார்கள்.

"ஆறலாம், ஆறாமலும் போகலாம்" என்றார் டாக்டர். அதோடு பஸ் ஏறி அக்கா வீட்டுக்கு வந்தேன்.

அம்மா இறந்த பிறகு படிப்பை நிறுத்திவிட்டு, தையல் தைத்து என்னை வளர்த்தவள் அக்கா. தினமும் நான்கு முறை அவள்தான் சொட்டு மருந்து விடுவாள். பிறகு என் நெற்றியில் கை வைத்து ஜெபிப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "அவருக்குக் காது கேட்டா எனக்கு இப்படி ஆகியிருக்குமா?"

"எனக்குத் தெரியல தம்பி. தெரிஞ்சவர்கிட்டதான் கேக்குறேன்."

ஜூலையில் அவள் மெஷினுக்கு முன்னாலேயே சுருண்டு விழுந்தாள். கண்டி ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்றார்கள். முற்றிவிட்டதாம். எனக்கு மருந்து விட்ட நாளெல்லாம் வயிற்று வலியை மறைத்திருக்கிறாள்.

வார்டில் கட்டிலருகே கதிரையில் உட்கார்ந்து, வருடங்களுக்குப் பிறகு ஜெபித்தேன். கண் வேண்டாம் ஆண்டவரே, அக்கா போதும் என்றேன். அவள் காதில் விழுந்துவிட்டது.

"அப்படிச் சொல்லாத. நான் கேட்டத நீ வேணாங்காத" என்றாள்.

செப்டம்பரில் போய்விட்டாள்.

அக்டோபரில் பரிசோதனைக்குப் போனேன். டாக்டர் வலது கண்ணை வெகுநேரம் பார்த்தார். மங்கல் கரைந்திருந்தது. "இனிப் பறக்கலாம், சந்தோஷம்தானே?" என்றார். அங்கேயே அழுதேன்.

மறுபடி பறந்த முதல் நாள், ஓடுபாதையின் கோடுகள் அத்தனை தெளிவாகத் தெரிந்தன. இறங்கியதும் பழக்கத்தில் போனை எடுத்தேன். "வந்துட்டேன்" என்று சொல்ல ஆளில்லை.

அவள் கேட்டது கிடைத்தது. நான் கேட்டது கிடைக்கவில்லை. ஏன் என்று இன்னும் எனக்குத் தெரியாது. ஆனாலும் வேலையில்லாத வெள்ளிக்கிழமைகளில் உபவாச ஜெபத்துக்குப் போகிறேன். நோயாளிகளின் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். சில நாள் அழுகை மட்டும்தான் வருகிறது. அதையும் அவர் கேட்கிறார் என்று நம்புகிறேன். கேட்டுக் கேட்டுக் களைத்துப்போனவர்கள் யாராவது இங்கே சபையில் இருந்தால், என் பக்கத்தில் வந்து முழங்கால் போடுங்கள். சேர்ந்து கேட்போம்.