கண்ணைக் கட்டிய மெஷின்

ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் எனக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிற வேலை. புதிதாகச் சேருகிறவர்களை ஏசி ஹாலில் உட்காரவைத்து ஸ்லைடு போட்டு விளக்க வேண்டும். "இயந்திரத்தின் நகரும் பாகங்களை அணுகுவதைத் தவிர்க்கவும்" என்று யாரோ மொழிபெயர்த்து வைத்திருந்தார்கள். தென்காசியிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் ராத்திரி பஸ்ஸில் வந்து இறங்கிய பிள்ளைகள் அதைப் பார்த்தபடியே தூங்குவார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஒருநாள் அந்த வரியை அழித்துவிட்டு, "மெஷினுக்குள்ள கை வுடாதே. அது இன்னா, மாமியார் வூட்டு பிரியாணி அண்டாவா?" என்று எழுதினேன். ஹாலே சிரித்தது. சாயங்காலம் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கும்போது இரண்டு பேர் அதையே சொல்லி ஒருத்தரை ஒருத்தர் கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். எனக்குத் தைரியம் வந்தது.

தகட்டை அழுத்தி வளைக்கிற எங்கள் பிரஸ் மெஷின் ஒவ்வொன்றிலும் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே போனால் மெஷின் தானாக நின்றுவிடும். அடிக்கடி நின்றால் உற்பத்தி குறைகிறதென்று லைன் சூப்பர்வைசர் ஒரு மெஷினில் அது வேலை செய்யாதபடி ஒயரை மாற்றிவிட்டு, மேலே கறுப்பு டேப் ஒட்டிவைத்திருந்தார். சொல்லிப் பார்த்தேன், மெயில் அனுப்பினேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் ஒரு படம் வரைந்து ஸ்லைடில் சேர்த்தேன். கண்ணில் கட்டுப் போட்ட பிரஸ் மெஷின். "கண்ணுக்கு இன்னாச்சு?" என்று பக்கத்து மெஷின் கேட்கிறது. "டார்கெட் வந்துட்சுபா. மூடிக்கச் சொன்னாங்க."

முதல் வரிசையில் இருந்த தென்காசிப் பெண், "யக்கா, நெசமாவே இப்படிக் கெட்டி வச்சிருக்காவளா?" என்று கேட்டாள். சிரிப்பு சட்டென்று நின்றது. "ஆமாம்" என்றேன். பின்னால் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார்.

மறுநாள் பிளான்ட் மேனேஜர் கூப்பிட்டார்.

"சேஃப்டின்னா உங்களுக்குக் காமெடியா மேடம்?"

"டேப்பை எடுத்தாச்சா சார்?"

"அது புரொடக்‌ஷன் விஷயம். நான் ஸ்லைடைப் பத்திப் பேசறேன். அடுத்த வாரம் கஸ்டமர் ஆடிட். அவங்க கண்ணுல பட்டா என்ன ஆகும்?"

"எது பட்டா சார்? ஸ்லைடா, டேப்பா?"

அவர் மேஜை போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார். நான் என் சீட்டுக்குத் திரும்புவதற்குள் கம்ப்யூட்டரில் என் ஸ்லைடுகள் எல்லாம் போயிருந்தன. ஒரு விரல் நசுங்க வாய்ப்பிருக்கிறது என்றபோது அசையாத ஆபீஸ், நாலு பேர் சிரித்தவுடன் இவ்வளவு வேகமாக ஓடுகிறது. கோபம் கோபமாக வந்தது.

அடுத்த பேட்ச்சுக்கு நான் ஸ்லைடே போடவில்லை. எல்லோரையும் நேராக பிரஸ் லைனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். "இதான் சென்சார். இது மேல டேப் இருந்தா மெஷினைத் தொடாதீங்க. யார் திட்டினாலும் என்னைக் கூப்பிடுங்க" என்று சத்தமாகச் சொன்னேன். மெஷினில் நின்ற ஆபரேட்டர் உடனே கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். லைன் நின்றது. அத்தனை பேர் பார்க்க, சூப்பர்வைசர் தானே வந்து டேப்பை உரித்தார். மெயின்டனன்ஸ்காரர் சென்சாரைச் சரிசெய்த பிறகுதான் மெஷின் ஓடியது.

அந்த மாதமே என்னை கேன்டீன் சுகாதாரப் பயிற்சிக்கு மாற்றிவிட்டார்கள். என் ஸ்லைடுகள் இருந்த இடத்தில் இப்போது ஹெல்மெட் போட்ட வெள்ளைக்காரர் ஒருவர் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். அந்த ஒரு மெஷினில் டேப் இல்லை, அது எனக்குத் தெரியும். மற்ற மெஷின்களைப் போய்ப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை.